காற்றுக்குக் காத்திருந்த பட்டினம்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கடல் வர்த்தகனுக்குக் கைப்பணத்தைக் காட்டிலும், கரையிலுள்ள அரசனின் தயவைக் காட்டிலும் அவசியமாக இருந்தது காற்று. தை, மாசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தெற்கே இறங்கிய கப்பல்கள், ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று எழுந்து தங்களைத் திரும்பத் தாய்நாட்டுக்குக் கொண்டு சேர்க்கும் வரையில், ஏதேனும் ஒரு கரையில் நங்கூரம் பாய்ச்சி, கொள்வதும் கொடுப்பதுமாகக் காலங்கழித்தே தீரவேண்டும். அவ்வாறு காத்திருப்பவர்களை வைத்தே வளர்ந்த ஊர்களுள் ஒன்று, மத்திய வியட்நாமில் தூ போன் ஆறு சமுத்திரத்தோடு கலக்கும் இடத்திலிருந்து சற்றே உள்வாங்கி நிற்கும் ஹோய் ஆன். பழைய ஐரோப்பியக் கடற்படங்களில் அதற்கு ஃபைஃபோ என்று பெயர்.

நாலைந்து மாதம் ஓர் ஊரில் தங்குகிறவன் வெறும் விருந்தாளியாக இருந்துவிட முடியாது. அவனுக்கு வீடு வேண்டும், கிட்டங்கி வேண்டும், தன் நாட்டுத் தெய்வத்துக்கு ஒரு கோயில் வேண்டும். அவன் இல்லாத மாதங்களில் சரக்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். பல சமயங்களில் அந்த ஆள் உள்ளூரில் அவன் கைப்பிடித்த மனைவியாகவே இருந்தாள். 1618 முதல் 1622 வரை இந்தப் பிரதேசத்தில் வசித்த கிறிஸ்தோபொரோ போரி என்னும் இத்தாலியப் பாதிரியார், ஜப்பானியர் பகுதியும் சீனர் பகுதியும் தனித்தனி ஊர்கள் போலவே இருந்தன என்றும், அவரவர் தத்தம் தலைவனின் கீழ், தத்தம் நாட்டு வழக்கப்படியே வாழ்ந்தனர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அந்நியர்களுக்கு இவ்வளவு இடங்கொடுத்த நுயென் வம்சத்துப் பிரபுக்களைப் பெருந்தன்மையின் அவதாரங்கள் என்று எண்ணிவிடலாகாது. 1558-ஆம் ஆண்டில் வடக்கேயிருந்து தெற்கே வந்து தனி ஆட்சிக்கு அடிகோலிய நுயென் ஹோவாங்குக்கும், அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன் நுயென் ஃபுக் நுயெனுக்கும், வடக்கே பகைத்து நின்ற சிங் வம்சத்தாரைச் சமாளிக்கப் பணமும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. இரண்டும் கடல் வழியாகவே வந்தன. இங்கிருந்து பட்டும், அகிலும், இலவங்கப்பட்டையும், மிளகும், கடற்குன்றுகளில் சிறு குருவிகள் தம் எச்சிலால் கட்டும் கூடுகளும் போயின. நாகசாகி வர்த்தகரான அராகி சோதாரோவுக்கு 1619-இல் பிரபுவின் குடும்பத்துப் பெண்ணையே மணம் செய்துகொடுத்தார்கள். அந்தப் பெண் கணவனோடு நாகசாகிக்குக் கப்பலேறி வந்திறங்கிய வைபவத்தை அந்நகரத்துத் திருவிழாவில் இன்றும் ஊர்வலமாக நடித்துக் காட்டுகிறார்கள்.

இப்போது ஹோய் ஆனுக்குப் போகிறவனுக்குக் காற்றின் தயவு வேண்டியதில்லை. டா நாங் விமான நிலையத்தில் இறங்கி மோட்டாரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடுகிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நிர்வாகக் கணக்கில் ஹோய் ஆனே டா நாங் மாநகரத்தின் ஒரு பகுதிதான். பெரும்பாலான யாத்திரிகர்கள் இரண்டு இரவு தங்குகிறார்கள். மஞ்சள் பூசிய சுவர்களின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். வண்ண விளக்குகளின் கீழ் நடக்கிறார்கள். ஒரு பட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ‘பழைய ஊர் எங்கே? எங்கு பார்த்தாலும் கடையாக அல்லவா இருக்கிறது!’ என்று ரசிகர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் எனக்குச் சம்மதமில்லை. இந்த ஊர் கடையாக இல்லாதிருந்த நாளே கிடையாது; அந்நியனுக்கு விற்றே அது ஜீவித்து வந்திருக்கிறது. மாறிப் போனது வியாபாரமல்ல, வாங்குகிறவனுக்கு இருந்த அவகாசம்.

அவகாசத்தின் அருமையை அறிய ஒரு வர்த்தகரின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் போதும். தான் கீ வீடு என்று பிரசித்தி பெற்ற கிருகம் ஒன்றிருக்கிறது. ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதில் வசித்து வருகிறார்கள். அகலம் குறைவு, ஆழம் மிக அதிகம். முன்வாசல் கடைத்தெருவைப் பார்க்கிறது, பின்வாசல் ஆற்றைப் பார்க்கிறது. படகிலிருந்து இறங்கிய மூட்டை பின்பக்கமாக வந்து முன்பக்கமாக விலைபோயிற்று. நடுவே வானம் தெரியும் முற்றம். மேலே வளைந்த உத்தரங்களில் நண்டின் ஓடு போலக் குவிந்த விதானம். பலாமரத் தூண்களில் பதித்த பலகைகளில் சிப்பி இழைத்த சீன எழுத்துக்கள் மின்னுகின்றன. நெருங்கிப் பார்த்தால் எழுத்தின் ஒவ்வொரு கோடும் சிறகு விரித்தோ, தலை குனிந்தோ, வால் நீட்டியோ நிற்கும் ஒரு பறவை. இதை இழைத்தவன் எத்தனை மாதம் உட்கார்ந்திருப்பான் என்று எண்ணும்போது, அதைச் செய்யச் சொன்னவனுடைய பொறுமையும் அல்லவா நம்மை ஆச்சரியப்படுத்துகிறது! சுவரில் ஆண்டு குறித்த சிறு கோடுகள் ஏறி ஏறிப் போகின்றன; அவை வெள்ளம் எட்டிய மட்டங்கள். 1964-ஆம் ஆண்டின் குறி, நின்று பார்ப்பவனின் தலைக்கு மேலே இருக்கிறது. மாடித் தளத்தில் சட்டமிட்டு அடைத்த திறப்பு ஒன்றைக் காட்டுவார்கள். ஆறு வீட்டுக்குள் வரும்போது கீழ்த்தளத்துச் சாமான்களை அதன் வழியாகக் கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டு, வெள்ளம் வடியும்வரை குடும்பமும் மாடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருக்கும்.

வீட்டுக்கு வீடு வாசற்படியின் மேல் இரண்டு வட்டமான மரக்குமிழ்கள் பொருத்தியிருக்கிறார்கள். அவை கதவின் கண்கள். கப்பலின் முகப்பில் கண் எழுதும் வழக்கம் எப்படியோ அப்படி வீட்டுக்கும் கண் வைத்து, பண்டிகை நாளில் அதற்குச் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். இத்தகைய மரக்கட்டடங்கள் 1,107 இருப்பதாக யுனெஸ்கோவின் பதிவு கூறுகிறது; அத்தனையும் முப்பது ஹெக்டேருக்குள் அடக்கம்.

ஊரின் அடையாளமாகிய மேற்கூரையிட்ட பாலம் ஜப்பானியர் கட்டியது. 1593-இல் தொடங்கினார்கள் என்பது பரம்பரை வழக்கு. ஒரு முனையில் இரண்டு நாய்களும் மறுமுனையில் இரண்டு குரங்குகளும் காவலிருக்கின்றன. நடுவிலுள்ள சிறு சந்நிதியில் புத்தர் இல்லை. வெள்ளத்தையும் புயலையும் அடக்குகிற வடதிசைத் தெய்வம் எழுந்தருளியிருக்கிறது. அதற்கு ஒரு ஐதிகம். பூமிக்கடியில் ஒரு பிரம்மாண்டமான ஜந்து படுத்திருக்கிறது. அதன் வால் ஜப்பானில், முதுகு ஹோய் ஆனில், தலை இந்தியாவில். அது புரளும்போதெல்லாம் ஜப்பானில் பூமி அதிர்கிறது, இங்கே ஆறு பெருகுகிறது. ஆகவே அதன் முதுகெலும்பில் வாளைச் செருகினாற்போல இந்தப் பாலத்தை நாட்டினார்கள். தலைமாட்டில் வசிக்கும் நமக்கு அந்தப் பிராணியைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லாதது வியப்புத்தான்! ஆனால் மூன்று தேசங்களையும் ஒரே உடம்பாக எண்ணிய அந்தக் கற்பனை, கடல்வழியே உலகத்தை அறிந்தவர்களுக்கு அல்லாமல் வேறு எவருக்கும் தோன்றியிராது. பாலம் பழுதுற்று, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்துச் செப்பனிடத் தொடங்கி, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். சாயம் புதுக்கருக்காக இருக்கிறது, பழமை போய்விட்டது என்று ஊர் முழுவதும் விவாதம் எழுந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தால் அந்தக் கரையோரத்து ஈரமே சாயத்துக்கு வேண்டிய வயதைக் கொடுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியர் வெகுகாலம் நீடிக்கவில்லை. 1635-இல் ஜப்பானிய அரசாங்கம் தன் பிரஜைகள் கடல் கடந்து போவதையும், போனவர்கள் திரும்புவதையும் ஒருங்கே தடைசெய்துவிட்டது. இங்கே இருந்தவர்கள் படிப்படியாக ஊரோடு கரைந்து போனார்கள். வயல்களின் நடுவில் 1647-இல் இறந்த தானி யாஜிரோபே என்பவரின் கல்லறை இருக்கிறது. தாய்நாட்டுக்குக் கப்பலேறியும், இங்கு விட்டுச்சென்ற பெண்ணின்மேல் கொண்ட பிரியத்தால் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

சீனர்களோ நிலைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாகாணத்தாரும் தமக்கென்று ஒரு சபா மண்டபம் கட்டிக்கொண்டார்கள். அவற்றுள் சிறப்பு மிக்கது ஃபுஜியன் மாகாணத்தாருடையது. மூலஸ்தானத்தில் தியென் ஹாவ் என்னும் கடல் அன்னை. அவளுக்கு இருபுறமும் இரண்டு பரிவார தேவதைகள். ஒருவர் ஆயிரம் காதத்துக்கு அப்பால் தத்தளிக்கும் கப்பலைப் பார்ப்பவர். மற்றொருவர் ஆயிரம் காதத்துக்கு அப்பால் எழும் கூக்குரலைக் கேட்பவர். பார்ப்பதற்கு ஒருவர், கேட்பதற்கு ஒருவர், காப்பதற்கு ஓர் அன்னை: கரையில் காத்திருந்த பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேலே கூம்புச் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகளில் பிரார்த்தித்துக்கொண்டவர்களின் பெயர்ச்சீட்டுகள் ஆடுகின்றன. ஹைனான் தீவினரின் மண்டபத்துக் கதை வேறு விதம். 1851-இல் அத்தீவு வணிகர் 108 பேரைக் கடற்கொள்ளைக்காரர் என்று குற்றஞ்சாட்டிக் காவற்படையினர் கொன்றுவிட்டார்கள். நிரபராதிகள் என்று தெரிந்தபின் அரசர் அவர்களுக்கு மரியாதை செய்வித்தார். அவர்களுடைய ஞாபகத்துக்காகவே எழுந்தது அந்த மண்டபம்.

இவ்வளவும் எப்படி அழியாமல் தப்பின? கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், ஊர் நொடித்ததால்தான் தப்பின. 1771-இல் மூண்ட தாய் சோன் கிளர்ச்சியின்போது பட்டினம் சூறையாடப்பட்டு, மறுபடி ஒருவாறு தலையெடுத்தது. ஆயினும் தூ போன் ஆறு ஆண்டுதோறும் மலையிலிருந்து மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தைத் தூர்த்துக்கொண்டே இருந்தது. பெரிய கப்பல்கள் டா நாங்கின் ஆழ்ந்த வளைகுடாவை நாடின. 1888-இல் அதைத் தம் நேர் ஆட்சிக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயே துறைமுகத்தையும் வளர்த்தார்கள். ஹோய் ஆனில் பழைய வீட்டை இடித்து மாடமாளிகை கட்டுவதற்கு ஒருவரிடமும் பணம் இல்லை. யுத்தமும் பெரும்பாலும் அதை விட்டு விலகிச் சென்றது. 1980-களில் இந்தப் பிரதேசத்துக்கு வந்து உழைத்த காஸிமியேஷ் க்வியாட்கோவ்ஸ்கி என்னும் போலந்து தேசத்துக் கட்டடக்கலைஞர், இடிந்துவிழும் நிலையிலிருந்த இந்தத் தெருக்களின் மதிப்பை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லி, பாதுகாப்புக்கு வழி செய்தார். 1997-இல் அவர் வியட்நாமிலேயே காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹோய் ஆன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஊரின் நடுவே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

அவர் முதலில் உழைத்த இடம் மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீ சோன். இந்திய யாத்திரிகன் தவறவிடக் கூடாத ஸ்தலம் அது. நுயென் பிரபுக்களுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பு இந்தக் கரையை ஆண்ட சம்பா அரசர்களுக்கும் தூ போன் முகத்துவாரமே துறைமுகம். அவர்களுள் பத்ரவர்மன் கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மீ சோன் பள்ளத்தாக்கில் பத்ரேசுவரன் என்ற நாமத்தோடு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தான்; அங்குள்ள கல்வெட்டுக்கள் ஸம்ஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும், தென்னிந்திய லிபியின் வழிவந்த எழுத்துக்களில் அமைந்தவை. சாந்து தெரியாமல் இணைத்த செங்கற் கோபுரங்களில், கட்டி முடித்த பின் சுவரையே செதுக்கி உருவங்கள் எடுத்திருக்கிறார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள், அவற்றுள் உன்னதமான கோபுரத்தை மண்மேடாக்கிவிட்டன. இந்தியத் தொல்லியல் துறையினர் 2017 முதல் சில ஆண்டுகள் அங்கே திருப்பணி செய்தார்கள். 2020-இல் ஒரே கல்லில் வடித்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதிகாலையில் போனால் மூடுபனியும் பறவைகளுமே துணை; பத்து மணிக்குமேல் பஸ்கள் வந்துவிடும்.

ஊரைச் சுற்றியுள்ள கைத்தொழில் கிராமங்களைத் துரிதமாகப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆற்றோரத்துத் தான் ஹா குயவர் கிராமத்தில் ஒரு கூடத்துக்குள் சென்று ஓரமாக நில்லுங்கள். அங்கே சக்கரம் சுழற்ற இரண்டு பெண்கள் வேண்டும். ஒருத்தி நின்றபடி ஒரு காலை ஊன்றி, மறுகாலால் சக்கரத்தை உதைத்து உதைத்துச் சுழற்றுகிறாள்; சுழற்றிக்கொண்டே அடுத்த உருவுக்கான களிமண்ணையும் திரட்டித் தருகிறாள். மற்றவள் தாழ உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலால் மண்ணைப் பிளந்து மேலே இழுக்கிறாள். பேச்சு நிற்பதே இல்லை. அண்டைவீட்டுக் கல்யாணமோ அரிசி விலையோ நடந்துகொண்டிருக்க, நடுவே ஒரு குடம் எழும்பிவிடுகிறது. கழுத்து வளையும் தருணத்தில் மட்டும் இருவரும் ஒருசேர மௌனமாகிறார்கள். உதைக்கும் கால் மெதுவாகிறது. ஈரத்துணி ஒரு சுற்று வருகிறது. பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மெருகு பூசாத இந்த மட்பாண்டங்கள் சூளையின் வெப்பத்துக்கேற்ப ரோஜா நிறம் முதல் கருஞ்சிவப்பு வரை மாறும். ஊரின் கூரைகளில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் அடுக்கியிருக்கும் ஓடுகளும் இந்தக் கிராமத்தின் சூளைகளில் வெந்தவையே.

ஆற்றின் மறுகரையில் கிம் போங் தச்சர்கள். கப்பல் கட்டியவர்களின் சந்ததி. பழைய வீடு செப்பனிடப்படும்போதெல்லாம் இவர்களுக்கே ஓலை போகிறது. விளக்குச் செய்கிறவர்கள் மூங்கிலை உப்புநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய சிம்புகளாக வகிர்ந்து, கூடுகட்டிப் பட்டுத்துணியை இழுத்து ஒட்டுகிறார்கள். குடையைப் போல மடக்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். 1998 முதல் ஒவ்வொரு சாந்திரமான மாதமும் பதினான்காம் நாள் இரவில் மின்விளக்கை அணைத்துவிட்டு இந்த விளக்குகளை மட்டும் ஏற்றுகிறார்கள். அன்று தெருவில் விளக்கைவிட மனிதத் தலையே அதிகம் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அடுத்த நாள் காலையில் ஆற்றில் ஒதுங்கிக் கிடக்கும் காகித விளக்குகளின் மிச்சம் கண்ணுக்கு இனிதல்ல. தையற்காரர்களின் கதை நேர்மாறானது. காலையில் அளவெடுத்து, மாலையில் உடுத்திப் பார்க்கச் சொல்லி, மறுநாள் கோட்டும் கால்சராயும் தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள். அவகாசமற்ற விருந்தாளிக்கென்றே பிறந்த தொழில் அது. அதில் கிடைக்கும் நேர்த்தியும் அந்த அவகாசத்துக்குத் தக்கதே. 2023-இல் யுனெஸ்கோ ஹோய் ஆனைக் கைவினைக்கும் நாட்டார் கலைக்குமான படைப்பாற்றல் நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. குயவருக்கும் தச்சருக்கும் உரிய கௌரவம் என்றே அதை நான் கொள்கிறேன்.

இனி ஆகாரம். காவ் லாவ் என்பது இந்த ஊருக்கே உரிய பண்டம். வேறு ஊர்களில் அதே பெயரில் கிடைப்பதை ஹோய் ஆன்காரர் ஒப்புக்கொள்வதில்லை. அரிசியை, மரம் எரித்த சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஊறவைத்து அரைத்து, அந்த மாவைக் கிளறிப் பிசைந்து, தகடாக்கிக் கத்தரித்து, ஆவியில் வேகவைத்தால், பழுப்பு மஞ்சள் நிறத்தில், பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் கொடுக்கும் தடித்த சேவைத் திரிகள் வரும். சாம்பல் எதிர்க்கடலிலுள்ள கூ லாவ் சாம் தீவின் மரத்திலிருந்தும், நீர் சாம் மக்கள் தோண்டியதாகக் கருதப்படும் பா லே என்ற சதுரக் கிணற்றிலிருந்தும் வரவேண்டும் என்பது சாஸ்திரம். தினமும் ஊரில் விற்கும் காவ் லாவ் அனைத்துக்கும் அந்த ஒரு கிணறு எப்படித் தண்ணீர் கொடுக்கும் என்று கேட்பது அநாகரிகம்! கிண்ணத்தின் அடியில் கீரைத் தழை, முளைகட்டிய பயறு. மேலே அந்தச் சேவை, மசாலாவில் ஊறிய பன்றியிறைச்சித் துண்டுகள், அதே மாவைப் பொரித்த மொறுமொறுப்பான சதுரங்கள். குழம்போ இரண்டு கரண்டிதான். ஜப்பானியரின் சேவை இது என்பார் சிலர், சீனருடையது என்பார் சிலர். கிண்ணத்தைக் கலக்கிச் சாப்பிட்டால் அந்த வழக்கு யாருக்கும் நினைவிருக்காது.

அந்தத் தழைகள் சா க்வே கிராமத்துப் பாத்திகளில் விளைபவை. ஆற்றங்கழியின் பாசியை வாரிக் குழிதோண்டிப் புதைத்து உரமாக்குகிறார்கள். இரண்டு தோள்களிலும் பூவாளி தொங்கக் காலையும் மாலையும் நீர் தெளிக்கிறார்கள். புதினா, துளசி வகைகள், கொத்தமல்லி எல்லாம் சிறு இலையாக, வாசனை மிகுந்து வளர்கின்றன. மரக்கறி உண்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பௌத்தக் குடும்பங்கள் மாமிசம் தவிர்க்கும் சம்பிரதாயம் இருப்பதால், ‘சாய்’ என்று பலகை மாட்டிய கடைகளில் காளானும் சோயாக்கட்டியும் போட்ட காவ் லாவே கிடைக்கும். மற்றவர்கள் மஞ்சளிட்டுக் கோழிச்சாற்றில் வேகவைத்த சோற்றையும், மெல்லிய மாவுக்குள் இறாலை மடித்த ‘வெள்ளை ரோஜா’வையும் விட்டுவிட வேண்டாம்.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, வெயிலும் தாங்கும். அக்டோபரிலும் நவம்பரிலும் ஆறு தெருவுக்கு வரும். 2025 அக்டோபர் இறுதியில் வந்த வெள்ளத்தில் பழைய ஊர் முழுவதும் படகு ஓடிற்று. நீர் வடிந்ததும் வீட்டுக்காரர்கள் சேறு படிந்து இறுகுமுன் தள்ளிக் கழுவிவிட்டுக் கடை திறப்பதில் காட்டும் சுறுசுறுப்புப் பல தலைமுறைப் பயிற்சி. இதைவிடக் கவலைக்குரியது கடற்கரை. ஒருகாலத்தில் மணலைக் கொண்டுவந்து துறைமுகத்தைத் தூர்த்த அதே ஆற்றில், இப்போது மேலே அணைகளும் மணல் அள்ளலும் மிகுந்து, மணல் வருவது குறைந்துவிட்டது. குவா தாய் கடற்கரையை அலை அரித்துக்கொண்டே போகிறது, விடுதிகளின் முன்னே மணல்மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு இரவோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் போகாத இடம், பழைய ஊரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் வரும் கம் நாம் தீவு. அங்கே ஆற்றோரத்துக் கொட்டகைகளில் பான் தாப் என்னும் பலகாரம் விற்கிறது. ஆவியில் வெந்த ஈரமான அரிசித் தாளை, சுட்ட மொறுமொறுப்பான இரண்டு அரிசி அப்பளங்களுக்கு நடுவே வைத்துத் தட்டில் கொண்டுவந்து வைப்பாள் கடைக்காரப் பெண். எடுத்துக் கடிக்கப் போனால் தடுத்து, உள்ளங்கையை விரித்து அதன் மேல் ஓங்கி ஓர் அடி கொடுத்துக் காட்டுவாள். அப்பளம் நொறுங்கி உள்ளிருக்கும் ஈரத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதை விண்டு, புளிக்கவைத்த நெத்திலிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மாலை வேளையில் உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்துவிட்டால், கொட்டகை முழுவதும் படார் படார் என்று அடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு தட்டு ஆற்று மட்டி வறுவலும், முடிவில் அந்தத் தீவிலேயே விளைந்த சோளத்தில் காய்ச்சிய இனிப்புக் கஞ்சியும் சொல்லி வைத்துவிடுவது நல்லது. இருட்டியபின் கேட்டால் தீர்ந்துபோயிருக்கும்.